உடன்படிக்கைகளும் பிரசாவுரிமையும்

கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் தெல்தெனியவை அடுத்த மெதமகாநுவரப் பகுதியிலே சிறைப்பிடிக்கப்பட்டான். இரு கிழமைகள் கழியுமுன், மார்ச் 2ஆம் நாள், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அவ்வொப்பந்தத்தின் மூன்றாம் உறுப்புரை பலராலும் கவனிக்கப்படாத ஒன்றாகும். மன்னனின் ஆண் உறவினர் அனைவரும் பகைவர் எனவும், பிரித்தானிய அரசின் எழுத்துமூல அனுமதியின்றி அவர்கள் கண்டி மாகாணங்களுள் நுழைதல் ஆகாது எனவும் அது விதித்தது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆடவர்க்கும் இத்தடை உரியதாயிற்று. தென்னிந்தியரை, சிறப்பாகத் தமிழரை, ஆங்கிலேயர் அந்நாளில் அச்சொல்லாற் சுட்டினர். ஒருவன் யாது செய்தான் என்பதன்று, எக்குலத்திற் பிறந்தான் என்பதே ஈண்டு வினாவாயிற்று.

ஒரு நிலத்தினுள் யார் வரலாம், யார் தங்கலாம் என்பதை உடன்படிக்கை தீர்மானிக்கும் வழக்கம் அத்துடன் முடிவுறவில்லை. மன்னன் பிடிபட்ட அம்மலைச் சாரலிலே பின்னர் கோப்பியும் தேயிலையும் பயிராயின. தென்னிந்தியத் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கு வந்து குடியேறினர். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வழியைத் திறந்ததெனினும், 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவுதல் வேண்டுமென அது கோரியது. பதிவேடுகளைப் பேணும் வழக்கமற்ற தோட்டத் தொழிலாளிக்கு இது எளிதாயிருக்கவில்லை. விண்ணப்பித்தோர் சுமார் எட்டு இலட்சம் பேர். உரிமை பெற்றோர் அவருள் ஒரு சிறு பங்கினரே.

எஞ்சியோரின் தலைவிதியை 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் எழுதப்பட்ட சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் தீர்மானித்தது. ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. மிகுதி 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றோராதலின் அவர்க்கு வாக்குரிமை இல்லை. எனவே தம்மைப் பங்கிட்ட அரசுகளைத் தெரிவுசெய்யும் வாய்ப்பும் அவர்க்கு இருக்கவில்லை. தோட்ட ‘லயங்களில்’ வாழ்ந்த குடும்பங்கள் பிரிந்தன. சிலர் ரங்கல, மடுல்கலை மலைகளில் எஞ்சினர். சிலர் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் பெயர்ந்தனர்.

இப்பங்கீட்டின் விளைவு அத்தலைமுறையுடன் நின்றுவிடவில்லை என்பதற்கு முற்றிலும் வேறான துறையிலிருந்து ஒரு சான்று கிடைக்கின்றது. ஐக்கிய அமெரிக்கா, தன்னுடன் உரிய உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளின் பிரசைகளுக்கு ‘ஈ–2’ எனும் முதலீட்டாளர் விசாவை வழங்குகின்றது. 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் இவ்வகை இடம்பெற்றது. போதிய மூலதனம் மட்டும் இருத்தல் அமையாது. விண்ணப்பதாரி உடன்படிக்கை நாட்டின் பிரசையாதல் வேண்டும். தொழில் நிறுவனத்தின் உரிமையில் அரைப்பங்கேனும் அந்நாட்டுப் பிரசைகளிடம் இருத்தலும் வேண்டும். பிறந்த இடம் இங்கு கணக்கில் இல்லை. இலங்கைக்கும் அமெரிக்காவுக்குமிடையே 1991இல் கைச்சாத்தான முதலீட்டு உடன்படிக்கை 1993 மே 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவுக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லை.

ஒரே தோட்டத்திற் பிறந்த உடன்பிறந்தார் இருவரைக் கருதுவோம். 1964இன் பங்கீட்டில் ஒருவர் இலங்கைப் பிரசையாயினார். மற்றவர் இந்தியப் பிரசையாகிக் கடல் கடந்தார். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒரே தொகை மூலதனத்துடன் ஒரே தொழிலைத் தொடங்க விழையின், முன்னவரின் பேரர்க்கு அவ்விசா வாயில் திறக்கும். பின்னவரின் பேரர்க்குத் திறவாது. ஓர் உடன்படிக்கை வகுத்த கோட்டின்மீதே மற்றோர் உடன்படிக்கை தன் மதிலை எழுப்பியுள்ளது.

இதனால் முதலீட்டு உடன்படிக்கைகள் தேசியத்தை நோக்குதல் தவறு எனக் கூறுதல் பொருந்தாது. ஓர் அரசு தன் பிரசைகளுக்காகவே பேரம் பேச இயலும். கைம்மாறாகப் பெறுவதும் அவர்களுக்காகவே. எனினும் தேசியம் என்பது எல்லா இடத்தும் ஒரே தன்மைத்தன்று. 1815 சூலை 3ஆம் நாள் அமெரிக்காவும் பிரித்தானியாவும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையின் கீழ் இன்றும் விசா கோரும் பிரித்தானியப் பிரசை, ஐக்கிய இராச்சியத்தில் வதிபவராகவும் இருத்தல் வேண்டும். பணம் முதலிட்டு ஒரு நாட்டின் பிரசாவுரிமையைப் பெற்றவர், அந்நாட்டில் மூன்றாண்டுகளேனும் தொடர்ந்து வதிந்திருந்தாலன்றி ‘ஈ–2’ விசா பெறலாகாது என 2022இல் அமெரிக்கா புதுவிதி செய்தது. கடவுச்சீட்டின் பின்னே வாழ்வு ஒன்று உண்டா என்று சட்டமே வினவத் தொடங்கியுள்ளமையை இது காட்டுகின்றது.

அவ்வினாவை 1964இல் எவரும் எழுப்பினரல்லர் என்பதே மலையக வரலாற்றின் துயரம். வாழ்வு இங்கிருக்கக் கடவுச்சீட்டு அங்கிருந்து வந்தது. இங்கு எஞ்சிய நாடற்றோர்க்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரசாவுரிமை வழங்கின. பின்னைய சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் ஏற்றது. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாளை எல்லையாகக் கொண்டு, எண்ணிக்கையை விடுத்து வதிவை அளவுகோலாக்கியமை இதன் சிறப்பாகும். ஆயின் கப்பலேறிச் சென்றோரை அது எட்டவில்லை.

தேசியத்தை நிபந்தனையாக்கும் எந்த உடன்படிக்கையின் நியாயமும், அத்தேசியம் ஒருவர்க்கு எவ்வாறு வந்தது என்பதைப் பொறுத்ததேயாகும். தெல்தெனியவின் பழைய நகர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் சென்றுவிட்டது. அதனைச் சூழ்ந்த மலைகளிற் பிறந்தோரைப் பிரித்த கோடோ இன்றும் மேலேயே நிற்கின்றது.