மருந்து கெட்டித்தல்

மருந்து கெட்டித்தல் என்பது நாட்டுத் துப்பாக்கியின் குழல்வாய் வழியே கரிமருந்தையும் ரவையையும் இட்டு, கம்பியால் இடித்து இறுக்கும் முறை. ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலையிலும் அண்டையிலுள்ள கல்வராயன் மலையிலும் வேட்டைக்கும் காட்டுப்பன்றி விரட்டவும், பெரும்பாலும் உரிமமின்றி, இது வழங்கிவந்தது. ஆலைத் தோட்டாவில் மருந்து அளந்து இடப்படுகிறது; தொகுதிதோறும் மாதிரிகள் சுட்டுப் பார்க்கப்படுகின்றன. இங்கோ அளவுகோல் உள்ளங்கைதான். இதனால் எழும் குறைகள் இவை: மருந்து மிகுந்தால் குழல் பிளக்கலாம், குறைந்தால் குண்டு குழலிலேயே சிக்கலாம், அது தெரியாமல் மறுபடி சுட்டால் கை போகலாம்.

தலைமுறைப் பழக்கமே போதிய காப்பு என்பார்கள். பழகிய கை அளவை ஓரளவு காக்கும், உண்மை. மருந்துக்குள் ஏறிய ஈரத்தை அது அறியாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனியில் கரிமருந்து நமத்துப்போகிறது. பொறி பட்டும் வெடிக்காத துப்பாக்கி, என்னவென்று பார்க்கக் குழலை முகத்தருகே கொண்டுவரும்போது வெடிக்கக்கூடும். துப்பாக்கி நல்லதானால் மருந்து எப்படியிருந்தாலும் தாங்கும் என்ற வாதமும் நிற்காது. நாட்டுக் குழல்களில் பல சோதனை காணாத வெறும் இரும்புக் குழாய்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியோ தோட்டாவோ செய்யவும் விற்கவும் மட்டுமன்றி, சோதித்துத் தரவும் உரிமம் வேண்டும்.