சுவரை ரிசர்வ் செய்தவர்கள்

சென்னையில் சுவர் ரொம்ப காலம் வீட்டுக்காரருடையதாக இருந்ததில்லை. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதி 'ரிசர்வ்' செய்துவிடுவார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாதென்று 1959லேயே சட்டம் வந்தது. யார் சட்டை செய்தார்கள்? 2006 சட்டமன்றத் தேர்தலில் ஆணையம் கெடுபிடி காட்டிய பிறகுதான் சுவர்கள் கொஞ்சம் வெளுத்தன.

சின்னமும் தலைவர் முகமும் வரைந்த கைகள் சினிமா பேனரும் வரைந்தன. கட்டம் போட்டு, உள்ளங்கையளவு போட்டோவை மாடி உயரத்துக்கு ஏற்றும் வித்தை அது. கன்னத்தில் ரோஸ், நிழலில் நீலமும் பச்சையும். என்னைக் கேட்டால், தமிழ் முகத்தை இவ்வளவு துணிச்சலாகப் பார்த்த ஓவியம் வேறில்லை. நம் கலை ரசிகர்கள் பலர் அதைத் திரும்பிப் பார்த்ததே ஃப்ளெக்ஸ் வந்து அதைக் கொன்ற பிறகுதான்.

போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க 2009இல் மாநகராட்சி அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் படம் வரையத் தீர்மானித்தபோது, பிழைப்புப் போயிருந்த பேனர் ஓவியர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. கோயில், பரதம், மாமல்லபுரம், ஜல்லிக்கட்டு என்று, பண்பாடு என்றதும் அரசாங்கத்துக்கு நினைவு வருபவை எல்லாம் சுவரேறின. கூவக்கரைக் குடிசைக்காரனுக்கு அதில் இடமில்லை.

அவர்களில் பலர் அதற்குள் நகரத்திலேயே இல்லை. 2000 முதல் துரைப்பாக்கம் பக்கம் குடிசை மாற்று வாரியம் கட்டிய கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஊரை எரித்தவளின் பெயரை, ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்கு யார் யோசித்து வைத்தார்களோ!

2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமாக வரைந்தார்கள். அங்கேயே வசிக்கும் பிள்ளைகளின் சிரித்த முகங்களும் உண்டு. 2009 சுவர்களைவிட இது எவ்வளவோ மேல் என்பேன். இங்கே பண்பாட்டுக்கு ஓர் ஆள் முகம் இருக்கிறது. ஆனால் வரையப்பட்டவர்கள் நகரத்துக்குள் இருந்தவரை, அவர்கள் சுவரில் யாரும் வரையவில்லை.

போன வருடம் அங்கே போனபோது ஓர் அக்காவிடம் கேட்டேன். "செவுரு நல்லாத்தான் கீது தம்பி. வெளியாளுங்க வந்து போட்டோ எடுக்குறாங்க, புள்ளைங்களுக்கு ஒரே குஷி. ஆனா எம் பையன் இன்டர்வியூவுக்குப் போனா இன்னும் சிந்தாதிரிப்பேட்டை அத்த வூட்டு அட்ரஸத்தான் குடுக்குறான்."