பின்னோக்கிய நினைவும் முன்னோக்கிய தேடலும்: இளமைக்காலக் குடி பற்றிய ஆய்வின் வரலாறு

இளமையிலே மிதமிஞ்சிக் குடிப்பவன் வாழ்நாள் முழுவதும் குடிகாரனாகவே இருப்பான் என்னும் நம்பிக்கை மிகப் பழையது. அதற்கு விஞ்ஞானத்தின் முத்திரை ஐக்கிய அமெரிக்காவிலே 1946ஆம் ஆண்டிற் கிடைத்தது. குடியிலிருந்து மீள முயல்வோரின் அமைப்பான அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் தன் சஞ்சிகை வாயிலாக விநியோகித்த வினாக்கொத்துக்கு வந்த விடைகளுள் 98ஐ ஈ. எம். ஜெலினெக் ஆராய்ந்தார். குடித்தபொழுது நிகழ்ந்தவற்றை மறத்தல், மறைவாகக் குடித்தல், கட்டுப்பாட்டை இழத்தல் எனக் குடிநோய் படிப்படியாக முற்றும் வரலாற்றை அவர் வகுத்தார். 1952இல் அதனை மேலும் விரித்தெழுதினார்.

விடையளித்தோர் யாவரும் குடியால் நிலைகுலைந்து, பின்னர் அவ்வமைப்பை நாடியவர்கள். இளமையிற் குடித்துத் தாமாகவே விலகியவர்கள் அங்கு வந்திருக்க நியாயமில்லை. மூழ்கிய தோணிகளை மட்டும் எண்ணிவிட்டுக் கடலில் இறங்கும் தோணியெல்லாம் மூழ்கும் என்று முடிவுகட்டுவது போன்றது இது. ஜெலினெக் இக்குறையை அறியாதவரல்லர். தம் தரவுகளின் போதாமையை அவரே குறிப்பிட்டார். 1960இல் வெளியிட்ட நூலிலே குடிநிலைகளை ஐவகையாகப் பிரித்து, அவை அனைத்தையும் நோயெனக் கொள்ளாது விட்டார். பின்வந்தோரோ படிகளை மட்டுமே பற்றிக்கொண்டனர்.

இளைஞரை இளமையிலேயே கண்டு வினவிப் பின்னர் ஆண்டுக்கணக்காகத் தொடர்வதே மாற்றுவழி. யேல் பல்கலைக்கழகத்து ஸ்ட்ரவுஸ், பேக்கன் ஆகியோர் 27 கல்லூரிகளின் மாணவரிடையே நடத்திய ஆய்வு 1953இல் நூலாயிற்று. அம்மாணவருட் சிலரை இருபதாண்டுகளின் பின் தேடிக் கண்டறிந்த கே ஃபில்மோர், அன்று குடியால் இடர்ப்பட்டோர் பலர் நடுவயதில் அவ்வாறில்லை என 1974இல் எழுதினார்.

கொலறாடோவில் ஜெசர் தம்பதியர் 1969இல் பாடசாலை மாணவரிடையே தொடங்கிய ஆய்வு இன்னும் தெளிவானது. கல்விப் பேற்றிலும் சுதந்திரத்தையே பெரிதாக மதித்தல், நண்பரின் ஆதரவு முதலியவற்றோடு பின்னிப் பிணைந்த நடத்தையாகவே அவர்கள் இளையோரின் குடியைக் கண்டனர். டொனவனுடன் இணைந்து அவர்கள் 1983இல் வெளியிட்ட முடிவின்படி, பதின்பருவத்திற் குடியால் இடர்ப்பட்ட ஆண்களில் ஏறத்தாழ அரைவாசியினரும் பெண்களில் ஏறத்தாழ முக்காற்பங்கினரும் இருபதுகளின் நடுப்பகுதியில் அந்நிலையில் இருக்கவில்லை. எஞ்சிய ஆண்களின் தொகையும் சிறிதன்று என்பதை மறத்தலாகாது.

மாற்றத்துக்கான காரணத்தைத் தனிமனித மனவுறுதியில் மட்டும் தேடுவது போதாது. பெற்றோரைப் பிரிந்து பல்கலைக்கழக விடுதிகளில் வாழும் காலத்திற் குடி மிகுவதையும், திருமணத்தின் பின்னும் பிள்ளைப்பேற்றின் பின்னும் அது குறைவதையும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 1997இற் காட்டினர். வாழ்க்கைப் பொறுப்புகள் மாறக் குடியும் மாறுகின்றது.

அதே ஆண்டில் கிரான்ற், டோசன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பழைய அச்சத்தை மீண்டும் எழுப்பியது. பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் வாழ்வில் ஒருகாலத்திலேனும் மதுவுக்கு அடிமையாயினர். இருபது வயதிலோ அதன் பின்னரோ தொடங்கியோரில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரே அவ்வாறாயினர். ஆயினும், குடிக்கத் தொடங்கிய வயதை இவ்வாய்வும் வளர்ந்தோரின் பின்னோக்கிய நினைவிலிருந்தே பெற்றது.