ஓசி வைஃபை: ஒரு குட்டி வரலாறு

எங்க ஊர் ஆழ்வார்திருநகரி. திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதையில் இருக்கு. காலேஜ் நண்பர்களோடு நெல்லையைச் சுற்றும்போது ஓசி வைஃபை தேடுவது எங்கள் வழக்கம். நெல்லையப்பர் கோயில் ரதவீதி முதல் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் வரை நடந்தாலும், செல்லில் பூட்டுப் படம் போட்ட பெயர்கள்தான் வரிசையாக வரும். இந்த ஓசி வைஃபை எப்போ வந்தது, ஏன் குறைந்தது?

லைசென்ஸ் இல்லாமல் பொது இடங்களிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வைக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2005-ல். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பு. அதற்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ ஒருவர் பூட்டாமல் விட்ட வைஃபை வழியாகப் போனது. அடுத்த வருடமே, பயன்படுத்துபவர் யார் என்று பதிவு செய்யணும் என தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இன்றும் ஓடிபி கேட்பது அதனால்தான். டவர் இல்லாத இடத்தில் வைஃபை இருந்தும் வீண்தான் போங்க!

பொற்காலம் 2016 ஜனவரியில் தொடங்கியது. ரெயில்டெல்லும் கூகுளும் சேர்ந்து மும்பை சென்ட்ரலில் இலவச வைஃபை கொடுத்தன. 2018 ஜூனில் 400 ஸ்டேஷன்கள்! தமிழக அரசும் 2017-ல் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம் என 5 ஊர்களில் அம்மா வைஃபை தொடங்கியது. 20 நிமிடம் இலவசம், பிறகு மணிக்கு 10 ரூபாய். நெல்லை அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு நடுவே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒரு ஜிபி சுமார் 250 ரூபாய்க்கு விற்ற காலம் போயே போச்சு. டேட்டா மலிவாகிவிட்டது என்று சொல்லி, 2020 பிப்ரவரியில் கூகுள் விலகியது. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு, பிறகு ஆன்லைன் வகுப்புகள்! ரெயில்டெல் மட்டும் தினம் 30 நிமிட இலவசத்தோடு தொடர்ந்தது. 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்கலாம். ஷாம்பு சாஷே மாதிரி சில்லறை டேட்டா. ஆனால் அது விற்பனை, ஓசி இல்லை.

காமர்ஸ் படிப்பவன் என்பதால் எனக்கு ஒரு கணக்கு உறுத்துகிறது. 2024 ஜூலையில் 28 நாளுக்கு 239 ரூபாயாக இருந்த ஜியோ பிளான் 299 ஆனது. ஒரே வீட்டில் மூன்று செல் இருந்தால் மாதம் 180 ரூபாய் கூடுதல். டேட்டா மலிவு என்ற காரணத்துக்காக விட்டோம், ஆனால் மலிவு எத்தனை நாளைக்கு என்பது கம்பெனியின் கையில்தானே இருக்கு?

பாட்டில் தண்ணீர் கடையில் கிடைக்குது என்று சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தலை யாரும் பிரித்துவிடுவதில்லை. ஊர் நூலகத்தில் ஒரு வைஃபையும் அப்படித்தான் இருக்கணும்.

உங்க ஊர்ல எப்படி? சொல்லுங்களேன்...