ஒரு துண்டுச் சீட்டுக்கான வழக்கு

மாதவிடாய் நின்று ஆண்டுகள் கடந்தபின் மீண்டும் இரத்தம் பட்டால், அது ஒரு துளியானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. இந்நோயின் வரலாறு மருத்துவமனைக்குள் மட்டும் நடந்ததல்ல. சந்தைக்கும் நீதிமன்றத்துக்கும் அதில் பங்குண்டு.

சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன், 'பிரிமரின்' என்ற பெயரில் 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் அயர்ஸ்ட். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்றொரு நூல் எழுதினார். மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் அதற்கு மருந்து என்றார். அவருடைய அறக்கட்டளைக்கு மருந்து நிறுவனங்களின் பணம் போய்க்கொண்டிருந்தது. முதுமையைக் குற்றமாக்கி, அதற்கு மாத்திரையும் விற்றார்கள்.

1975 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜன் எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒன்றில் 4.5 மடங்கு, மற்றதில் 7.6 மடங்கு. அபாயத்தை விளக்கும் துண்டுச் சீட்டை ஒவ்வொரு பெண்ணிடமும் மருந்தோடு தர வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் விதி செய்தது. மருந்து உற்பத்தியாளர் சங்கம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் அதோடு நின்றது. நோயாளிக்கு எதைச் சொல்வது என்பது மருத்துவரின் உரிமை என்பது அவர்கள் வாதம். பார்பரா சீமன் முதலானோர் 1975இல் தொடங்கிய தேசிய பெண்கள் நல வலையமைப்பு அரசின் பக்கம் வழக்கில் இணைந்தது. 1980இல் நீதிமன்றம் சீட்டை உறுதி செய்தது.

சிகிச்சையின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவரை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை அடக்கும். இந்த எளிய உடலியலை நம்பி, பாஸ்டனில் ரீட்டா கெல்லி என்ற பெண் மருத்துவர் வில்லியம் பேக்கருடன் சேர்ந்து, நோய் முற்றிய 21 பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கொடுத்தார். 6 பேருக்குக் கட்டி சுருங்கியது. 1961இல் அது அச்சானது. மெதுவாக வளரும், ஹார்மோன் ஏற்பிகள் உள்ள கட்டிகளுக்கு இன்றும் இவ்வழி உண்டு. ஆனால் பலருக்குப் பலன் சில மாதங்களே நீடிக்கிறது.

ஒரு கதவை அடைத்தால் கட்டி வேறு கதவைத் திறக்கிறது. இந்நோயில் பி-டென் என்னும் மரபணு அடிக்கடி பழுதாகிறது. அதனால் எம்-டார் என்ற புரதத்தின் வழியே 'வளர்' என்ற கட்டளை ஓயாமல் போகிறது. அதைத் தடுப்பது எவரோலிமஸ். அதன் மூலமான ராபமைசின், ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து மான்ட்ரியலில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ஆய்வகமும் அதே அயர்ஸ்டினுடையதுதான்.

எவரோலிமஸோடு, உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோலைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான ஆய்வில் 35 பெண்களில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் 9 பேருக்கு முற்றிலும் மறைந்தது. அடுத்த ஆய்வில் 74 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இந்தக் கூட்டு, மறு பிரிவுக்குப் பழைய ஹார்மோன் சிகிச்சை. கட்டி சுருங்கிய விகிதம் 22, 25 என ஏறத்தாழ ஒன்றே. நோய் அடங்கியிருந்த காலம் முறையே 6, 4 மாதங்கள். ஆனால் முன்பு கீமோ எடுக்காதவர்களிடம் அது 28 மாதங்கள். பழைய சிகிச்சையில் 5. சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்து வெற்றி தோல்வி பேச முடியாது. பழைய பிரிவில் சிலருக்கு இரத்தக் கட்டு வந்தது. எவரோலிமஸால் வாய்ப்புண், இரத்தச் சோகை, சர்க்கரை உயர்வு வரலாம்.

இவை நோயை ஒழிக்கும் மருந்துகள் அல்ல. வீட்டிலிருந்தபடி மாத்திரையா, மருத்துவமனையில் கீமோவா என்ற தேர்வு ஒரு பெண்ணின் எஞ்சிய மாதங்களைப் பற்றியது. பரிசோதனை அறிக்கை கணவர் கைக்கோ மகன் கைக்கோ போய்விடும் நம் வீடுகளில், தன் கட்டியில் ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா என்று அவளே கேட்க வேண்டும். பதிலை அவளிடமே சொல்ல வேண்டும். 1977இல் அந்தப் பெண்கள் வழக்காடியதும் இதற்காகத்தான்.