ஒரு சிறிய எஞ்சின் வலுப்பெற்ற வரலாறு

பழைய எஞ்சின் ஒன்றின் அமைப்பை மாற்றாமல், அதிலிருந்து இரு மடங்குக்கும் மேலான திறனைப் பெற முடியுமா? முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வரலாறு உண்டு. அப்படிப் பெறும் ஒவ்வொரு குதிரைத் திறனுக்கும் எங்கோ ஓரிடத்தில் விலை கொடுத்தாக வேண்டும் என்பதையும் அதே வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1951-ஆம் ஆண்டில் ஆஸ்டின் நிறுவனம் ஏ-30 என்னும் சிறு காரை வெளியிட்டது. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு 803 கன சென்டிமீட்டர். திறன் 28 குதிரைத் திறன். சிக்கனமே அதன் நோக்கம். அடுத்த ஆண்டு ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின; இந்த எஞ்சின் ‘ஏ’ வரிசை எனப் பெயர் பெற்றது. நம் நாட்டு அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1489 கன செ.மீ. எஞ்சின் இதே நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. இதன் அண்ணன் என்று சொல்லலாம்.

1956-இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதன் விளைவாக அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய ‘மினி’ கார் 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. சோதனை வண்டிகளில் 948 கன செ.மீ. கொள்ளளவுள்ள ‘ஏ’ எஞ்சினே இருந்தது. சாதாரண மக்கள் ஓட்டும் வண்டிக்கு அந்த வேகம் மிகுதி என்று கருதி, 848 ஆகக் குறைத்துவிட்டார்கள்! ஆனால் பந்தயக் கார்களைக் கட்டிவந்த ஜான் கூப்பர் அந்தச் சிறு வண்டியில் வேறொன்றைக் கண்டார். அதை வேக வண்டியாக்குவதில் இசிகோனிஸுக்கு நாட்டம் இல்லை. எனவே கூப்பர் நிறுவனத்தின் தலைமையை அணுகி இசைவு பெற்றார். 1961-இல் ‘மினி கூப்பர்’ பிறந்தது: 997 கன செ.மீ., 55 குதிரைத் திறன்.

இந்த ஏற்றம் எப்படி வந்தது? எஞ்சினின் திறன் மூன்று அளவுகளின் பெருக்கற்பலன் ஆகும். பிஸ்டன் மீது செயல்படும் சராசரி அழுத்தம் ஒன்று. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு மற்றொன்று. நொடிக்கு நிகழும் எரிதல்களின் எண்ணிக்கை மூன்றாவது. இவற்றுள் ஒன்றையேனும் கூட்டினால்தான் திறன் கூடும். நான்காவது வழி இல்லை.

முதலில் கொள்ளளவைப் பார்ப்போம். தேய்ந்த சிலிண்டரைப் பட்டறையில் ‘ரீபோர்’ செய்வதை நீங்கள் அறிந்திருக்கலாம். சிலிண்டரைச் சிறிது அகலமாகக் கடைந்து, பெரிய பிஸ்டனைப் பொருத்துவார்கள். ஆனால் சுவரைச் சுற்றிக் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது. ஓர் எல்லைக்கு மேல் கடைந்தால் சுவர் மெலிந்து உடையும். ஏ-30 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் சுமார் 58 மில்லிமீட்டர். 1963-இல் வந்த ‘கூப்பர் எஸ்’ எஞ்சினிலோ 70.6 மில்லிமீட்டர்! பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 48 விழுக்காடு கூடியது. இவ்வளவு அகலத்துக்கு வார்ப்பில் இடம் ஏது? ஓரத்துச் சிலிண்டர்கள் இரண்டையும் வெளிப்புறமாகத் தள்ளி, நடுவில் உள்ள இரண்டையும் ஒன்றோடொன்று நெருக்கிப் புதிதாக வார்த்தார்கள்.

அடுத்தது அழுத்தம். எரிகலவையை எவ்வளவு சுருக்கிப் பின் எரிக்கிறோமோ, அவ்வளவு மிகுதியாக வெப்பம் வேலையாக மாறும். இலட்சிய எஞ்சினில் அமுக்க விகிதம் 7 என்றால் பயனுறுதிறன் 54 விழுக்காடு. 10 என்றால் 60. நடைமுறையில் இரண்டும் வெகுவாகக் குறையும் என்றாலும் ஏறுமுகம் மாறாது. ஆனால் அளவு மீறினால் கலவை சீராக எரியாமல் ஆங்காங்கே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். பட்டறைக்காரர் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். அதைத் தவிர்க்க ஆக்டேன் எண் மிகுந்த பெட்ரோல் வேண்டும்.

சிலிண்டர் நிறையக் கலவை புகுவதும் முக்கியம். ‘ஏ’ எஞ்சினின் பெருங்குறை இங்கேதான். நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து உள்வழிகள் இரண்டே. முதலாவதும் இரண்டாவதும் ஒரு வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் மற்றொன்றை. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் ஜோடியில் உள்ள இரண்டும் அடுத்தடுத்தே உறிஞ்சுகின்றன. ஒன்றின் பங்கை மற்றொன்று பறிக்கிறது. இந்தத் தலைப்பகுதியின் எரிவறைக்கு இதய வடிவத்தை வகுத்தவர் ஹாரி வெஸ்லேக். காற்றோட்டத்தை அளந்து பார்த்துத்தான் வழிகளை வடிவமைக்க வேண்டும் என்று காட்டிய முன்னோடி அவர். பின்னர் டௌண்டன் என்ற சிற்றூரில் பட்டறை நடத்திய டேனியல் ரிச்மண்ட் இவ்வழிகளைத் திருத்தி வடிவமைப்பதில் பெரும் பெயர் பெற்றார். கார் நிறுவனமே அவரது ஆலோசனையை நாடியது.

மூன்றாவது சுழல் வேகம். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் பிஸ்டன் ஒரு நொடியில் 100 முறை மேலே சென்று, நின்று, கீழே திரும்புகிறது. 1071 கன செ.மீ. ‘கூப்பர் எஸ்’ எஞ்சினில் பிஸ்டன் நகரும் தொலைவு 68.26 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: உச்சியில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1300 மடங்குக்கும் மேல் வரும்! இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 6000-ஐ 7000 ஆக்கினால் விசை 36 விழுக்காடு கூடிவிடும். கிராங்குத் தண்டைத் தாங்குவனவோ மூன்றே பேரிங்குகள். ஆகவே ‘எஸ்’ எஞ்சினுக்கு உயர்ந்த எஃகினால் தண்டு செய்து, அம்மோனியா வாயுவில் சூடேற்றி, மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்கினார்கள். 1951-இன் தண்டை அப்படியே வைத்து இந்த வேகத்தை முயன்றிருந்தால் அது முறிந்திருக்கும்.

இத்துடன் கணக்கு முடியவில்லை. மணிக்கு 115 கிலோமீட்டர் ஓடிய வண்டி 150 ஓடினால், அதன் இயக்க ஆற்றல் 70 விழுக்காடு கூடுகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்குகளே வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஆகவேதான் ‘மினி கூப்பர்’ முன்சக்கரங்களில் தட்டு பிரேக்குகளுடன் வந்தது. எஞ்சினை மட்டும் வலுப்படுத்திப் பிரேக்கை மறந்தவர், உயிரைப் பணயம் வைக்கிறார்.

1964 ஜனவரியில் மாண்டி கார்லோ பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க் 1071 கன செ.மீ. மினியில் வென்றார். எட்டு சிலிண்டர் ஃபோர்டு ஃபால்கன் இரண்டாம் இடத்தில் நின்றது. அதே ஆண்டில் வந்த 1275 கன செ.மீ. எஞ்சின் 76 குதிரைத் திறன் தந்தது. 28-இலிருந்து 76: கொள்ளளவு 59 விழுக்காடு கூட, திறனோ 2.7 மடங்கு ஆனது. எஞ்சிய ஏற்றம் அழுத்தத்தாலும் சுழல் வேகத்தாலும் வந்ததே.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய மினியின் உற்பத்தி முடிவுற்றது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகளை ‘ஏ’ வரிசை எஞ்சின்கள் இயக்கியிருந்தன. பகிர்ந்த உள்வழியும் மூன்று பேரிங்குகளும் இறுதிவரை இருந்தன. குறைகளோடு பிறந்த எஞ்சின்தான் அது. அவற்றை அளந்து அறிந்தவர்கள் கையில் அது வென்றது. அளக்காமல் கடைந்தவர்கள் கையில் உடைந்தது.