சீதை ஆடிய தனியாட்டம்

பல்லாங்குழி இருவர் ஆடுவது. ஒருவரே ஆடும் ‘சீதைப் பாண்டி’யும் தமிழரிடம் உண்டு; அசோகவனச் சிறையில் சீதை ஆடியதென்பது மரபு. ஏழு குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 எனக் காயிடுவர். ஏழினை அள்ளி, அடுத்த குழிமுதல் ஒவ்வொன்றாய்ச் சுற்றியிட்டால் கடைசிக் காய் அள்ளிய குழியிலேயே வீழும். அண்டைக் குழி ஏழாகும். ஏழாம் முறை பழைய வரிசை மீளும். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. மலாய்க்காரரின் சொங்காக்கிலோ வென்ற காய் சேர ‘வீடு’ உண்டு. சீதைக்கு அதுவும் இல்லை!

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) தோட்டங்களுக்குத் தமிழரைக் கொணர்ந்த கங்காணி முறை 1938இல் நின்றது. தாயகத்திலிருந்து ஆட்டம் கற்று வருவோர் அருகினர். பலகை இன்றேல் மண்குழியும் ரப்பர் விதையும் போதும், கற்பிப்பார்தாம் வேண்டும். இருவர் ஆட்டம் எதிராளிக்குக் கற்பித்தே தீரும், தனியாட்டத்திற்கு அக்கட்டாயமில்லை. பாட்டியின் அருகமர்ந்து பார்த்த பிள்ளைக்கே அது கிட்டும்.